சுரங்கம் மூடிய ஊர்களும் அங்கே எஞ்சிய சொற்களும்



இப்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்றைய பொருள் சற்று விந்தையாகத் தோன்றலாம். மகிழுந்தை எடுத்துக்கொண்டு பெருஞ்சாலையை விட்டு விலகி, செம்பனைத் தோட்டங்களின் ஊடே செல்லும் செம்மண் வழிகளில் திரிந்து, சுரங்கம் மூடியபின் களையிழந்த ஊர்களைத் தேடிக் காண்பது குறித்துப் பேச வந்திருக்கிறேன். இது ஒரு பொழுதுபோக்குதான். ஆயினும், இப்பொழுதுபோக்கில் ஈடுபடும் தமிழர் ஒருவர் செய்யக்கூடிய மொழிப்பணி ஒன்று உண்டு. அதனைச் செய்வதற்குரிய காலமோ மிகக் குறுகிவிட்டது. இதனை உங்கள்முன் வைப்பதே என் நோக்கம்.

பாலைவனத்தில் நிற்கும் ஊரும் மழையில் கரையும் ஊரும்

கைவிடப்பட்ட சுரங்க ஊர்களைக் காண விரும்பும் உலகப் பயணியர் பெரும்பாலும் பாலைவனங்களையே நாடுவர். காரணம் எளிது. ஈரமில்லாத இடத்தில் மரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. இரும்பு மெல்லவே துருவேறும். சுவரில் கொடி படராது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், அத்தகாமா பாலைவனத்தில், ஹம்பர்ஸ்டன் என்றோர் ஊர் உள்ளது. வெடியுப்பை வெட்டியெடுத்து உலகின் வயல்களுக்கு உரமாக அனுப்பிய ஊர் அது. செயற்கை உரம் வந்து அத்தொழிலை வீழ்த்தியது. 1960-இல் ஊர் கைவிடப்பட்டது. இன்றும் அங்கே நாடக அரங்கு நிற்கிறது. இரும்புத் தகடுகளால் அமைத்த நீச்சல்குளம் நீரின்றிக் கிடக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வூரையும் அதன் அண்டையிலுள்ள சாந்தா லௌராவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவ்வாறு சேர்த்தபோது கட்டடங்களை மட்டும் அது கருதவில்லை. சிலி, பெரு, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அங்கே தமக்கென உருவாக்கிக்கொண்ட வளமான மொழியையும் ஒற்றுமையுணர்வையும் சமூக நீதிக்காக அவர்கள் நடத்திய போராட்டத்தையும் எடுத்துக்கூறியது. சுரங்க ஊரின் பெருமைகளுள் ஒன்றாக அதன் பேச்சுமொழியும் வைத்து எண்ணப்பட்டது என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழருக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கோலார் தங்கவயல். கருநாடகத்தின் வறண்ட மேட்டுநிலத்தில் 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய அச்சுரங்கங்களுக்கு வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் சென்றனர். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அது மூடப்பட்டது. சாம்பல் நிறக் கழிவுமேடுகள் இன்றும் குன்றுகளாய் நிற்கின்றன. தொழிலாளர் குடியிருப்புகளில் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ் பேசி வாழ்கின்றனர். பலர் நாள்தோறும் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஹம்பர்ஸ்டன் கைவிடப்பட்ட அதே 1960-ஆம் ஆண்டில்தான் சிலாங்கூர் மாநிலத்தின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. ஆண்டு ஒன்றே, விளைவு வேறு. அங்கே சுவர்கள் நிற்கின்றன. இங்கே ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் விரைந்து வளரும் காடும் கறையானும் சேர்ந்து, இரண்டு தலைமுறைக்குள் பெரும்பாலானவற்றை மண்ணோடு மண்ணாக்கிவிட்டன. பாலைவனத்தின் ஊர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். நம் ஊர்களை நாம்தாம் காக்க வேண்டும்.

நாம் உண்டாக்கிய பாலை

பாலை என்ற சொல்லைச் சொன்னவுடன் தமிழ் கற்றவர்க்குத் திணைக் கோட்பாடு நினைவிற்கு வரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலம் வகுத்த தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. வெயில் ஓங்கி வளம் குன்றும்போது காடும் மலையுமே பாலை வடிவை அடையும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடக்கும் வழி அது.

மலேசியாவில் பாலைவனம் இல்லை என்று பள்ளியில் படித்தோம். ஆயினும், பழைய ஈயச் சுரங்கப் பகுதிகளுக்குச் சென்றவர்கள் வெண்மணல் வெளிகளைக் கண்டிருப்பர். மண்ணை நீரால் அடித்துக் கரைத்து, ஈயத்தைப் பிரித்தெடுத்து, எஞ்சியதைக் கொட்டிய இடங்கள் அவை. வளமான மேல்மண் போய்விட்டது; மணல் சூடேறிக் கிடக்கும்; புல்லும் அரிதாகவே முளைக்கும். சுற்றிலும் பசுங்காடு நிற்க, நடுவே ஒரு வெண்பரப்பு. முல்லை திரிந்து பாலையான இடம் இதுவன்றி வேறெது? இங்கே அதனைத் திரித்தது கதிரவனன்று, மனிதனின் தேவை. உரிப்பொருளும் பொருந்தியே நிற்கிறது. பொருள் தேடிக் கடல் கடந்து வந்தவர்களின் பிரிவு முதலிற் சேர்ந்தது. சுரங்கம் மூடியபோது ஊரைவிட்டுப் போனவர்களின் பிரிவு பின்னர் வந்து சேர்ந்தது.

சுரங்கத்திலிருந்து பிறந்த நகரம்

இன்று நாம் கூடியிருக்கும் இப்பள்ளத்தாக்கே சுரங்கத்தின் பிள்ளைதான். 1857-இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்குமிடத்தில் கரையேறி, காடு வழியே அம்பாங்கிற்கு நடந்து அவர்கள் ஈயம் தேடினர். ஒரு மாதத்திற்குள் 69 பேர் காய்ச்சலில் மாண்டனர். 18 பேர் எஞ்சினர். அந்த ஈயம் கிடைத்ததாலேயே கோலாலம்பூர் தோன்றியது.

அந்த ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லவே 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்குமான தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அது கிள்ளான் ஆற்றின் மறுகரையிலுள்ள புக்கிட் கூடா வரையே சென்றது. நெருப்பும் வெள்ளமும் பட்ட கோலாலம்பூரைச் செங்கல்லால் மீண்டும் எழுப்பியபோது, அதற்கான செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். களிமண் வெட்டிய பள்ளங்களும் சூளைகளும் மறைந்தன. பெயர் மட்டும் நின்றது. பின்னர் அது தொடர்வண்டித் தொழிலாளர்களின் ஊராயிற்று. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம்மவர்கள் அங்கே குடியமர்ந்தனர். வண்டிகளைப் பிரித்துக் கோத்த அந்தப் பெரிய தளத்தின்மேல்தான் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருந்த நூறு குவாட்டர்ஸ் வீடுகளும் இன்று இல்லை. எனவே, கைவிடப்பட்ட தொழில் ஊரைக் காண நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நாள்தோறும் அதன்மேல் நடந்துகொண்டிருக்கிறோம்.

ஈயச் சுரங்கம் சீனர்களின் தொழில், ரப்பர்த் தோட்டம் தமிழர்களின் தொழில் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. பெருமளவில் அது உண்மை. ஆனால் முழு உண்மை அன்று. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடும் பத்துமலைக் கோயிலோடும் நாம் நினைவுகூரும் கா. தம்புசாமிப் பிள்ளை, ரவாங்கில் லோக் இயூ என்ற சீனப் பெருவணிகரோடு கூட்டாக ஈயச் சுரங்கம் நடத்தியவர். 1894-இல் அவ்விருவரும் தங்கள் சுரங்கத்தில் நீரிறைக்க மின்சாரப் பொறிகளை நிறுவினர். மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. ரவாங்கைக் கடந்து வடக்கே விரையும் நம்முள் எத்தனை பேர் இதனை அறிந்திருக்கிறோம்?

பத்து ஆராங்

ரவாங்கிலிருந்து மேற்கே திரும்பினால் பத்து ஆராங் வரும். கிள்ளானிலிருந்து வருவோர் மேரு, புஞ்சாக் ஆலாம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வழியே செம்பனைத் தோட்டங்களின் நடுவே அவ்வூரை அடையலாம். மலாயில் பத்து என்றால் கல். ஆராங் என்றால் கரி. ஊர்ப்பெயரிலேயே நிலக்கரி இருக்கிறது.

1908-இல் அங்கே நிலக்கரி இருப்பது தெரியவந்தது. மலாயன் கொல்லியரிஸ் என்ற நிறுவனம் 1915 முதல் அதனை வெட்டியெடுத்தது. அதன் பின்னணியில் இருந்தவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். பின்னாளில் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. திறந்தவெளியிலும் நிலத்தடியிலும் கரி வெட்டப்பட்டது. குவாங் நிலையத்திலிருந்து கிளைப்பாதை ஒன்று போடப்பட்டது. அக்கரி தொடர்வண்டிகளை ஓட்டியது. மின்நிலையங்களுக்கும் ஈயச் சுரங்கங்களின் நீராவிப் பொறிகளுக்கும் எரிபொருளாயிற்று. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் வாழ்ந்த நம் முன்னோர் எஞ்சினுக்குள் வாரிப்போட்ட கரி பத்து ஆராங்கின் கரி. ஒருவர் வெட்டியதை மற்றொருவர் எரித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

சுரங்கத்தைச் சுற்றிச் செங்கல் சூளைகளும் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையும் எழுந்தன. தொழிலாளருள் பெரும்பான்மையினர் சீனர். இந்தியரும் மலாய்க்காரரும் உடன் உழைத்தனர். வேலை கடினம், கூலி குறைவு. 1936 நவம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. 1937 மார்ச்சில் மீண்டும் எழுந்த வேலைநிறுத்தத்தின்போது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து சில நாள் நடத்தினர். காவல்துறை புகுந்து அதனை முறியடித்தது. மலாயாவின் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு பெரிய நிகழ்ச்சி. பின்னர் ஜப்பானியர் காலம் வந்தது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட மறுமாதமே கம்யூனிஸ்டுப் படையினர் அவ்வூருக்குள் புகுந்து தாக்கினர். நாட்டின் எரிபொருளுக்கு எது இதயமோ அதன்மீது அடி விழுந்தது.

இறுதியில் அச்சுரங்கத்தை மூடியது துப்பாக்கியன்று, எண்ணெய். 1950-களின் பிற்பகுதியில் தொடர்வண்டிகள் டீசலுக்கு மாறின. மின்நிலையங்களும் எண்ணெயை நாடின. நிலக்கரியை வாங்க ஆளில்லாமற் போயிற்று. ஈயத்திற்கும் இதே கதி கால் நூற்றாண்டு கழித்து வந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பகாங் மாநிலத்தில் 1906 முதல் நடந்த சுங்கை லெம்பிங் சுரங்கம் மறு ஆண்டே மூடப்பட்டது. சுங்கை பீசியின் பெரும்பள்ளம் இன்று ஏரியாகி, அதன் கரையில் விடுதிகளும் கடைத்தொகுதிகளும் நிற்கின்றன. பண்டார் சன்வேயின் கேளிக்கைப் பூங்காவும் பழைய ஈய நிலத்தின்மேல் எழுந்ததே.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இன்று பத்து ஆராங்கிற்குப் போகிறவர்கள் பழைய கடைவீடுகளையும், சூளையின் உயர்ந்த புகைபோக்கியையும், புதர் மூடிய சுவர்களையும் காணலாம். பழைய தண்டவாளப் பாதையின் தடத்தை அறிந்தவர் காட்டினால் ஒழியக் கண்டுகொள்வது கடினம். ஒருமுறை அவ்வூர்த் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது, தொடர்வண்டியில் வேலை செய்த ஒருவரின் மகனாகிய முதியவர் ஒருவர், சிந்திய தேநீரில் விரலைத் தொட்டு மேசைமீது ஒரு கோடு இழுத்தார். “இங்கதான் தம்பி கரி வண்டி வந்து நிக்கும்” என்றார். அக்கோடு சில நொடிகளில் காய்ந்துவிட்டது. என்னிடம் அப்போது இருந்த எந்த நிலப்படத்திலும் அக்கோடு இல்லை.

பயணத்திற்குச் சில நெறிகள் உண்டு. பழைய ஈயக்குட்டைகளின் கரை ஏரிக்கரைபோல் மெல்லச் சரிவதில்லை. காலடியிலேயே ஆழம் தொடங்கும். மேலே காய்ந்து தோன்றும் சேற்றுப்பரப்பு உள்ளே குழைந்திருக்கும். வண்டி இறங்கினால் அச்சுவரை புதையும். கரிச்சுரங்கம் நடந்த இடங்களில் நிலம் உள்வாங்கியிருக்கலாம். ஆகவே பழைய குழிகளிலும் சுரங்க வாய்களிலும் நுழையவே கூடாது. தோட்டச் சாலைகள் தனியார் உடைமை. காவற்கூண்டில் உள்ளவரிடம் அனுமதி கேட்டு, மறுத்தால் திரும்பிவிட வேண்டும். கனமழை பெய்த மறுநாள் செம்மண் வழிகளைத் தவிர்ப்பதும், இரண்டு வண்டிகளாகச் செல்வதும் நலம். நினைவுக்கென ஒரு செங்கல்லைக்கூட எடுத்துவரலாகாது.

இவற்றினும் முதன்மையான நெறி ஒன்று உண்டு. இவ்வூர்களைப் பேயூர் என்று எழுதுவதையும் பேசுவதையும் நாம் விட்டொழிக்க வேண்டும். பத்து ஆராங்கில் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே பள்ளி உண்டு, சந்தை உண்டு, வழிபாடு உண்டு. கோலார் தங்கவயலிலும் அவ்வாறே. சுரங்கம் இறந்திருக்கலாம், ஊர் இறக்கவில்லை. உயிரோடு இருப்பவரைப் பார்த்துப் பேய் என்று சொல்வோமா? ஒளிப்படம் எடுக்க மட்டும் போகிறவர் அவர்களைக் காணமாட்டார். பேசப் போகிறவரே காண்பார்.

சொற்களே நம் சுவர்கள்

இனி, இம்மன்றத்திற்குரிய செய்திக்கு வருகிறேன். சற்றுமுன் லம்பம் என்ற சொல்லை விளக்கமின்றிச் சொன்னேன். உங்களுள் எவரும் புருவத்தை உயர்த்தவில்லை. சென்னையில் அச்சொல்லைச் சொல்லியிருந்தால் நின்று விளக்க வேண்டியிருந்திருக்கும். லொம்போங் என்ற மலாய்ச்சொல் நம் முன்னோர் நாவில் லம்பமாயிற்று. ஈயம் எடுக்கும் இடத்தையும், எடுத்தபின் நீர் நிறைந்து நிற்கும் குட்டையையும் அச்சொல் குறித்தது. ஒரே சொல் தொழிலையும் அதன் எச்சத்தையும் குறித்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஈயம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நம் நாட்டுத் தமிழில் அடைமொழி இல்லாமல் ஈயம் என்றாலே வெள்ளீயம்தான். மண்ணுக்கடியில் எது கிடைத்ததோ அதற்கே பொதுப்பெயர் உரிமையாயிற்று. சாலையைச் சடக்கு என்றனர். அது வடபுலத்துச் சொல். வடிகாலை அல்லூர் என்றனர், அது மலாய்ச்சொல். சிற்றூரைக் கம்பம் என்றனர். கம்போங் என்பதன் திரிபு அது. ரப்பரைக் கித்தா என்றனர். வரிசை வீடுகளை லயம் என்றனர். அது ஆங்கிலச் சொல்லாயினும் இசைத்தமிழ்ச் சொல்லின் உருவத்தை ஏற்றுக்கொண்டது. பத்துமலை என்ற பெயரைக் கேட்டுத் தமிழகத்திலிருந்து வருவோர் பத்து மலைகளை எண்ணித் தேடுவதுண்டு. பத்து ஆராங்கில் உள்ள அதே கல்தான் பத்துமலையிலும் உள்ளது என்று நாம் அவர்களுக்குச் சொல்கிறோம். மலாய்க் கல்லையும் தமிழ் மலையையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு சுவடு. யாரோடு யார் வேலை செய்தனர், எவரிடமிருந்து எதைக் கற்றனர் என்பதை இவை சொல்கின்றன. சீன முதலாளியைத் தவுக்கே என்று அழைத்த தமிழர் அச்சொல்லை நூலிலிருந்து பெறவில்லை. சம்பள நாளில் பெற்றார். நம் மக்கள் எழுதி வைத்தவை குறைவு. கம்பெனியின் பதிவேடுகள் கம்பெனியின் மொழியில் உள்ளன. அவற்றில் டன் கணக்கு இருக்கும், கூலிக்கணக்கு இருக்கும். கரி அள்ளியவர் தம் கூடையை என்ன பெயரிட்டு அழைத்தார், மேற்பார்வையாளருக்கு என்ன பட்டப்பெயர் வைத்தார், எந்தத் திருப்பத்திற்கு என்ன பெயர் சொன்னார் என்பன அவற்றில் இரா. அவை முதியவர் சிலரின் நினைவில் மட்டுமே உள்ளன.

ஊர்ப்பெயர்களும் மாறுகின்றன. சுவெட்டன்ஹாம் துறைமுகம் கிள்ளான் துறைமுகமாயிற்று. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பெயரை மாற்றுவது ஒரு நாட்டின் உரிமை. அதில் குறைகாண வரவில்லை. எனினும், பழைய பெயரில் எழுதப்பட்ட கடிதமும் பிறப்புப் பத்திரமும் கையில் இருக்கும் பேரப்பிள்ளை, அவ்வூர் எங்கே என்று தெரியாமல் நிற்கும் நிலை வரக்கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகும்போது அவற்றின் தமிழ்ப் பெயர்கள் எந்த அரசு ஏட்டிலும் இல்லாமலேயே மறைகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். இம்மன்றம் நல்ல தமிழைப் பரப்பப் பாடுபடும் மன்றம். மகிழுந்து, தொடர்வண்டி, செம்பனை என்னும் சொற்களை நம் வகுப்பறைகளிலும் நாளேடுகளிலும் நிலைபெறச் செய்தவர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். “சடக்கையும் லம்பத்தையும் தொகுக்கச் சொல்கிறீரே, கலப்புத் தமிழை வளர்க்கவா?” என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் விடை இதுதான். ஒரு சொல்லைப் பதிவு செய்வது வேறு. அதனைப் பரிந்துரைப்பது வேறு. மாணவன் தேர்வில் சாலை என்றே எழுதட்டும். அவனுடைய பாட்டனார் சடக்கு என்று சொன்னதை அவன் இழிவாகக் கருதாமல் இருக்கட்டும். தூய தமிழ் நாம் கட்டும் வீடு. இச்சொற்கள் அவ்வீடு நிற்கும் மண்ணின் வரலாறு. வீடு கட்டுவதற்காக மண்ணை மறுக்க வேண்டுவதில்லை. மேலும், சுரங்கத் தொழிலுக்குக் கலைச்சொல் ஆக்குவோர்க்குத் தொழிலாளர் வழங்கிய சொற்களுள் சில பயன்படவும் கூடும். கல்லூரியில் ஆக்கப்படும் சொல்லைவிடக் குழியில் பிறந்த சொல் சில வேளைகளில் குறுகியதாகவும் கூரியதாகவும் இருக்கும்.

செய்யத்தக்கவை மூன்று

முதலாவது, இவ்வூர்களுக்குச் செல்லும் நம் இளைஞர்கள் ஒளிப்படக் கருவியோடு குறிப்பேடு ஒன்றையும் கொண்டுசெல்ல வேண்டும். முதியவரிடம் அனுமதி பெற்று அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பலர் தயங்குவர். “அந்தக் கருவிக்கு என்ன பெயர் சொல்வீர்கள், ஐயா?” என்று கேட்டால் பேச்சு தானே பெருகும். சொல்லைக் கேட்டால் வாழ்க்கை உடன் வரும். அவர் சொன்ன வடிவத்தைத் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். சொன்ன இடத்தையும் நாளையும் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, மாவட்டந்தோறும் பழைய ஊர்ப்பெயர்களும் தோட்டப் பெயர்களும் லம்பப் பெயர்களும் அடங்கிய நிலப்படம் ஒன்றை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் வரையலாம். கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், கோம்பாக், கிள்ளான் ஆகிய நான்கு மாவட்டங்களிலிருந்து தொடங்குவது எளிது. வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியிடம் கேட்டாலே பாதி நிலப்படம் நிரம்பிவிடும்.

மூன்றாவது, திரட்டியவற்றைச் சேர்த்துவைக்கும் சொற்பதிவேடு ஒன்றை இம்மன்றம் ஏற்று நடத்த வேண்டும். மலாய் நண்பர்களும் சீன நண்பர்களும் தத்தம் மொழியில் இவ்வாறே திரட்டினால் மூன்றையும் ஒப்புநோக்கலாம். ஒரே குழியில் இறங்கியவர்களின் சொற்கள் அவை. பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் குறையாகவே இருக்கும்.

அன்பர்களே, 1960-இல் பத்து ஆராங் சுரங்கத்தில் இருபது வயது இளைஞராக வேலை பார்த்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். 1985-இல் லம்பத்தை விட்டு வெளியேறிய நடுத்தர வயதினரும் முதுமையை எட்டிவிட்டனர். ஹம்பர்ஸ்டனின் நாடக அரங்கு இன்னும் ஐம்பது ஆண்டு காத்திருக்கக்கூடும். நம் முதியவர்கள் காத்திருக்க இயலாது. வரும் சனிக்கிழமை வண்டியில் எண்ணெய் நிரப்பும்போது, பெருஞ்சாலையில் ஒரு திருப்பத்திற்கு முன்னதாகவே இறங்குங்கள். ரவாங்கிலோ ஈஜோக்கிலோ வண்டியை நிறுத்தி, ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு, பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் அவ்விடத்தின் பழைய பெயரைக் கேளுங்கள்.